தன் குலப்பெயரையே மாற்றிய பேரரசர் சியாவ்வென்

வென்றவர்கள் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் தோற்றவர்கள் மீது சுமத்துவதுதான் வரலாற்றில் நாம் அதிகம் காணும் காட்சி. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வட சீனாவை ஆண்ட ஒரு பேரரசர் இதற்கு நேர்மாறாக நடந்தார். வென்ற இனத்தின் தலைவராக இருந்துகொண்டே, தாங்கள் வென்ற மக்களின் மொழியையும் உடையையும் பெயரையும் தம் சொந்த இனத்தவர் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அவர்தான் வட வெய் அரச மரபின் பேரரசர் சியாவ்வென்.

31 வயதில் போர்க்களப் பயணத்தில் இறந்துபோன அவர், சீன வரலாற்றில் இன ஒருங்கிணைப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒருவர். அவர் செய்தது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

குதிரையில் வந்த இனம்

சியாவ்வெனின் இயற்பெயர் துவோபா ஹோங். துவோபா என்பது சியான்பெய் இனத்தின் ஒரு குலம். சியான்பெய் மக்கள் வடக்குப் புல்வெளிகளில் ஆடு, மாடு, குதிரை மேய்த்து வாழ்ந்தவர்கள். குதிரைப் போரில் வல்லவர்கள். அவர்களுக்குத் தனி மொழி இருந்தது. குதிரை ஏறுவதற்கு ஏற்ற குறுகிய கை வைத்த சட்டையும் கால்சட்டையும் அவர்களின் உடை. தெற்கே இருந்த ஹான் சீனர்களோ உழவர்கள். அகன்ற கை வைத்த நீண்ட அங்கி அணிந்தவர்கள். நூல் கற்றவரை உயர்வாக மதித்தவர்கள்.

386ஆம் ஆண்டில் துவோபா குலத்தார் வட வெய் அரசை நிறுவினர். இன்றைய டாதோங் நகரம் இருக்கும் இடத்தில், பிங்செங் என்ற ஊர் 398இல் தலைநகரமானது. 439இல் வட சீனா முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. வாளால் நாட்டைப் பிடித்தாகிவிட்டது. அதை ஆள்வதுதான் சிக்கலாக இருந்தது. வரி கொடுக்கும் உழவர்களில் பெரும்பாலோர் ஹான் மக்கள். படை சியான்பெய் மக்களிடம். இரு தரப்பும் ஒரே நாட்டில் வாழ்ந்தாலும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

தாயை அறியாத பிள்ளை

467ஆம் ஆண்டில் பிங்செங் அரண்மனையில் துவோபா ஹோங் பிறந்தார். தந்தை பேரரசர் சியான்வென். தாய் லீ என்னும் ஹான் குடும்பத்துப் பெண். ஆகவே, பிற்காலத்தில் இரண்டு இனங்களை இணைக்க முனைந்தவரின் உடலிலேயே இரண்டு இனங்களின் இரத்தமும் ஓடியது.

வட வெய் அரண்மனையில் அப்போது கொடிய வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளை பட்டத்து இளவரசனாக அறிவிக்கப்பட்டால், அவனைப் பெற்றவள் சாக வேண்டும். நாளை அவளும் அவளுடைய உறவினரும் அதிகாரத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பது காரணம். 469இல் ஹோங் இளவரசனாக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு 2 வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டே தாய் உயிரிழந்தார்.

பிள்ளையை வளர்த்தவர் பாட்டி முறையான ஃபெங் அம்மையார். முந்தைய பேரரசரின் மனைவியான அவர், ஹான் இனத்தைச் சேர்ந்தவர். துவோபா படைகளிடம் வீழ்ந்த வட யென் அரச குடும்பத்தின் வாரிசு. சிறுமியாக அரண்மனைக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாட்டையே ஆண்ட பெண்மணி. தம்மைப் பெற்றவள் யார் என்பதே ஃபெங் அம்மையார் இறக்கும்வரை சியாவ்வெனுக்குத் தெரியாது என்று வெய் நாட்டு வரலாற்று நூல் பதிவு செய்கிறது.

471இல் தந்தை பதவி விலக, 4 வயதுகூட நிரம்பாத ஹோங் அரியணையில் அமர்த்தப்பட்டார். 476இல் தந்தை திடீரென இறந்தார். ஃபெங் அம்மையாரே காரணம் என்ற பேச்சு அக்காலத்திலேயே இருந்தது. அதன் பின்னர் ஆட்சி முழுவதும் அவர் கைக்குப் போனது.

பாட்டியின் வளர்ப்பு கடுமையானது. பையன் மிகவும் கெட்டிக்காரனாக இருக்கிறான், நாளை தன் குடும்பத்துக்கு ஆபத்தாகலாம் என்று ஃபெங் அம்மையார் அஞ்சினார். ஒருமுறை கடும் குளிர்காலத்தில் மெல்லிய ஆடையுடன் அவரை ஓர் அறையில் பூட்டி, 3 நாள் உணவு கொடுக்காமல் வைத்தார். பதவியிலிருந்து இறக்கிவிடவும் எண்ணினார். அப்போது 3 பேர் விடாமல் எடுத்துச் சொல்லி அதைத் தடுத்தனர். சியான்பெய் பெரியவரான துவோபா பீ, சியான்பெய் பிரபுவான மூ டாய், ஹான் அமைச்சரான லீ சோங் ஆகியோரே அவர்கள். இந்த 3 பெயர்களும் பின்னாளில் அவருடைய வாழ்க்கையில் மீண்டும் வருகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் சியாவ்வென் பாட்டியை வெறுத்ததாகத் தெரியவில்லை. பொறுமை அவருடைய இயல்பாகவே ஆகிவிட்டது. சூடான குழம்பைக் கையில் கொட்டிய பணியாளரையும், உணவில் பூச்சி கிடக்கக் கொண்டுவந்தவரையும் சிரித்தபடியே மன்னித்தார் என்று குறிப்புகள் உள்ளன. 490இல் ஃபெங் அம்மையார் மறைந்தபோது 5 நாள் உண்ணாமல் துக்கம் காத்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 23.

சம்பளம், நிலம், ஊர்

சியாவ்வென் பெயரில் பேசப்படும் முதல் சீர்திருத்தங்கள் உண்மையில் பாட்டியின் ஆட்சியில் தொடங்கியவை.

அதுவரை வட வெய் அதிகாரிகளுக்குச் சம்பளமே கிடையாது. போரில் கிடைக்கும் கொள்ளைப் பொருளும், மக்களிடம் பிடுங்குவதும்தான் வருமானம். 484இல் முதன்முறையாகச் சம்பளம் வழங்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஒரு சுருள் துணி மதிப்புக்குக் கையூட்டு வாங்கினால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது.

485இல் நிலப் பங்கீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுப் போரால் வட சீனாவில் நிலம் தரிசாகக் கிடந்தது. உழவர்கள் பெரும்புள்ளிகளின் நிழலில் ஒண்டிக் கிடந்தனர். புதிய சட்டப்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு 40 மு அளவும் பெண்ணுக்கு 20 மு அளவும் தானிய நிலம் கிடைத்தது. முதுமையிலோ இறப்பிலோ அதை அரசிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டுப் புழுவுக்கான முசுக்கட்டை மரம் வைக்க ஆணுக்குத் தனியாக 20 மு நிலம் உண்டு. அது பிள்ளைகளுக்குப் போகும். இந்த முறை தாங் அரச மரபுக் காலம் வரை சுமார் 300 ஆண்டுகள் நீடித்தது. ஜப்பானும் 7ஆம் நூற்றாண்டில் தாங் முறையைப் பார்த்துத் தன் நிலச் சட்டத்தை அமைத்தது.

486இல் லீ சோங் சொன்ன யோசனைப்படி ஊராட்சி முறை மாறியது. 5 வீட்டுக்கு ஒரு தலைவர், 25 வீட்டுக்கு ஒரு தலைவர், 125 வீட்டுக்கு ஒரு தலைவர். அதுவரை 30, 50 குடும்பங்கள் ஒரு பெரும்புள்ளியின் பெயரில் ஒரே வீடாகக் கணக்குக் காட்டி வந்தன. இனி ஒவ்வொரு குடும்பமும் நேரடியாக அரசின் பதிவேட்டில் இடம்பெற்றது.

இந்தச் சட்டங்களில் மொழியைப் பற்றியோ உடையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அரசின் வருமானம் கொள்ளையிலிருந்து விளைச்சலுக்கு மாறியது. குதிரை மீது அமர்ந்து ஆண்ட அரசு, வயலை நம்பி வாழப் பழகியது.

மழையில் மாறிய தலைநகர்

பிங்செங் குளிரும் வறட்சியும் மிகுந்த இடம். தானியம் கொண்டுவர ஆற்று வழி இல்லை. வடக்கே ரோவ்ரான் இனத்தாரின் தாக்குதல் அபாயமும் இருந்தது. சுமார் 600 கிலோமீட்டர் தெற்கே உள்ள லோயாங் நகருக்குத் தலைநகரை மாற்ற சியாவ்வென் விரும்பினார். நேராகச் சொன்னால் சியான்பெய் பிரபுக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தெற்கு அரசின் மீது படையெடுக்கப் போவதாக அறிவித்தார். சித்தப்பா முறையான துவோபா செங்கிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அவருடைய துணையைப் பெற்றார்.

493இல் பெரும்படை புறப்பட்டது. லோயாங் சேர்ந்தபோது இலையுதிர்கால மழை விடாமல் கொட்டியது. பழைய அரச மரபுகளின் தலைநகரான லோயாங், 311இல் அழிக்கப்பட்டு இடிபாடாகக் கிடந்தது. அந்த அடித்தளங்களைச் சுற்றிப் பார்த்த சியாவ்வென் கண்ணீர் விட்டார். பிறகு போருடை தரித்து, சவுக்கைக் கையில் ஏந்தி, குதிரை ஏறி, தெற்கே புறப்படக் கட்டளையிட்டார். அமைச்சர்கள் குதிரையின் முன் மண்டியிட்டு, போர் வேண்டாம் என்று கெஞ்சினர். இவ்வளவு பெரிய படையைத் திரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது, படையெடுப்பு வேண்டாம் என்றால் தலைநகரை இங்கே மாற்ற ஒப்புக்கொள்ளுங்கள் என்றார் அவர். பலருக்கு உள்ளூர விருப்பமில்லை. போரை விட இடமாற்றம் மேல் என்று ஒப்புக்கொண்டனர். புதிய நகரைக் கட்டும் பொறுப்பு லீ சோங்கிடம் வந்தது.

உடை, மொழி, பெயர், திருமணம்

இடம் மாறிய பிறகு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 494ஆம் ஆண்டுக் கடைசியில் சியான்பெய் உடை தடை செய்யப்பட்டது. 495இல் அரசவையில் சியான்பெய் மொழி பேசக் கூடாது என்ற ஆணை பிறந்தது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு நாக்கு உடனே திரும்பாது என்று சலுகை கொடுக்கப்பட்டது. 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வேண்டுமென்றே பழைய மொழியில் பேசினால் பதவி இறக்கம்.

இந்த ஆணையைத் தேவையில்லை என்று கருதியவர் ஒரு ஹான் சீனர் என்பது வியப்புக்குரியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பேச்சு உண்டு, பேரரசர் பேசுவதே செம்மொழி ஆகிவிடும், பழையதை ஏன் மாற்ற வேண்டும் என்று லீ சோங் கருத்துச் சொல்லியிருந்தார். இந்தப் பேச்சு மரண தண்டனைக்குரியது என்று அவை நடுவில் சியாவ்வென் கண்டித்தார். லீ சோங் தலைப்பாகையைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

அதே ஆண்டு, லோயாங்கிற்கு வந்தவர்கள் இறந்தால் அங்கேயே புதைக்கப்பட வேண்டும், உடலை வடக்கே கொண்டுபோகக் கூடாது என்ற ஆணையும் வந்தது. அவர்களின் சொந்த ஊர் இனி லோயாங் என்றே பதிவானது.

496இல் பெயர்கள் மாறின. அரச குலமான துவோபா, யுவான் ஆனது. மூலம், தொடக்கம் என்பது யுவான் என்ற சொல்லின் பொருள். பேரரசர் அன்று முதல் யுவான் ஹோங் ஆனார். இரண்டு, மூன்று அசைகள் கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட சியான்பெய் குலப்பெயர்கள் ஓரசைச் சீனப் பெயர்களாயின. டூகு, லியூ ஆனது. சியான்பெய் இனத்தின் 8 உயர் குலங்கள், ஹான் மக்களின் மிக உயர்ந்த குடும்பங்களுக்குச் சமமாக வைக்கப்பட்டன.

திருமணத்தைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். பெரிய ஹான் குடும்பங்களின் பெண்களைத் தாமே மணந்தார். 6 தம்பிகளுக்குப் புதிதாக மனைவியரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 5 பேருக்கு ஹான் குடும்பத்துப் பெண்கள். லீ சோங்கின் மகள் ஒருவரும் அரச குடும்பத்து மருமகளானார். ஆனால், தம்பிகள் ஏற்கெனவே மணந்திருந்த பெண்கள் துணைவியர் நிலைக்கு இறக்கப்பட்டனர். இரண்டு இனங்களின் உறவுக்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலையை எந்த நூலும் விரிவாகப் பேசவில்லை.

மகன் கொடுத்த விலை

பட்டத்து இளவரசன் யுவான் சுன் 483இல் பிறந்தவர். அவருடைய தாயும் பழைய வழக்கப்படியே உயிரிழந்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற சியாவ்வென் விரும்பினார்; ஃபெங் அம்மையாரின் சொல்லை மீற முடியவில்லை. தாயின்றி வளர்ந்த தந்தை, தாயற்ற மகனை வளர்த்தார். இந்தக் கொடிய வழக்கம் சியாவ்வெனின் அடுத்த மகன் சுவான்வு ஆட்சியில்தான் நின்றது.

இளவரசர் உடல் பருத்தவர். லோயாங் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படிப்பிலும் நாட்டமில்லை. தந்தை கொடுத்த சீன உடையை ஒதுக்கிவிட்டுப் பழைய உடையையே விரும்பினார். 496இல் தந்தை வெளியூர் சென்றிருந்த நேரத்தில், குதிரைகளைத் திரட்டிக்கொண்டு பிங்செங்கிற்குத் தப்பிச் செல்லத் திட்டமிட்டார். தடுத்துப் பேசிவந்த அதிகாரி ஒருவரைத் தம் கையாலேயே கொன்றார். திட்டம் நிறைவேறவில்லை. திரும்பி வந்த சியாவ்வென் மகனைத் தம் கையால் அடித்தார். பட்டத்தைப் பறித்துச் சாதாரணக் குடிமகனாக்கினார். 497இல் மகனுக்கு நஞ்சு கலந்த மது அனுப்பப்பட்டது. அப்போது இளவரசருக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. குழம்பைக் கொட்டியவரை மன்னித்தவர், மகனை மன்னிக்கவில்லை.

அதே காலத்தில் பிங்செங்கில் சதி ஒன்று வெளிப்பட்டது. அதன் தலைவர் மூ டாய். பூட்டிய அறையில் பட்டினி கிடந்த சிறுவனுக்காக வாதாடிய அதே மூ டாய். துவோபா செங் விரைந்து சென்று சதியை அடக்கினார். மூ டாய் கொல்லப்பட்டார்.

சிறுவனுக்காக வாதாடிய மற்றொருவரான பெரியவர் பீ, புதிய வழக்கங்களைக் கடைசிவரை விரும்பவில்லை. அரசவையில் எல்லாரும் சீன உடையில் நிற்க, அவர் மட்டும் பழைய உடையில் அமர்ந்திருப்பார். வயதைக் கருதி சியாவ்வென் அவரை வற்புறுத்தவில்லை. அவருடைய பிள்ளைகள் சதியில் சேர்ந்து தண்டிக்கப்பட்டபோதும் அவருக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது, பட்டம் பறிபோனது.

வெயில் தாங்காத வடக்குத் தலைவர்கள் சிலருக்கு, குளிர்காலத்தில் லோயாங்கிலும் கோடையில் தங்கள் புல்வெளியிலும் இருக்க அனுமதி கொடுக்கப்பட்டது. பருவத்துக்கு வந்து போவதால் மக்கள் அவர்களைக் காட்டு வாத்து அமைச்சர்கள் என்று அழைத்தனர்.

கல்லில் தெரியும் மாற்றம்

சியாவ்வென் கன்பூசியஸ் பிறந்த சூஃபூ ஊருக்கு 495இல் நேரில் சென்று வழிபட்டார். பௌத்தத்தையும் ஆதரித்தார். பிங்செங் அருகே யுன்காங் குகைகள் 460ஆம் ஆண்டளவில் குடையத் தொடங்கப்பட்டவை. அங்குள்ள முற்காலப் புத்தர் சிலைகளில் இந்திய, நடு ஆசிய முறையில் உடலோடு ஒட்டிய ஆடை காணப்படுகிறது. சியாவ்வென் காலத்துச் சிலைகளில் புத்தரே சீன அறிஞரைப் போல அகன்ற அங்கி அணிந்திருக்கிறார். தலைநகர் மாறியதும் லோயாங் அருகே லோங்மென் குகைகள் தொடங்கப்பட்டன. இரண்டும் இன்று யுனெஸ்கோ உலக மரபுடைமைகள்.

லோயாங் பக்கத்துச் சோங் மலையில் ஷாவ்லின் கோயிலை நிறுவியதும் இவரே. ஷாவ்லின் என்றதும் காஞ்சியிலிருந்து சென்றதாகச் சொல்லப்படும் போதிதர்மர் தமிழர்களின் நினைவுக்கு வருவார். ஆனால், அக்கோயில் முதலில் அமைக்கப்பட்டது பத்துவோ என்னும் மற்றோர் இந்தியத் துறவிக்காக.

முடிவும் பின்விளைவும்

499ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போரிலிருந்து லோயாங் திரும்பிய சியாவ்வென், வண்டியில் சென்ற பெண்கள் இன்னும் சியான்பெய் தொப்பியும் குட்டைச் சட்டையும் அணிந்திருப்பதைக் கண்டார். தடை வந்து 4 ஆண்டுகள் கடந்திருந்தன. நகரப் பொறுப்பிலிருந்த துவோபா செங்கைக் கடிந்துகொண்டார். அப்படி உடுத்துவோர் குறைவுதான் என்றார் செங். அந்தப் பதில் பேரரசரைத் திருப்திப்படுத்தவில்லை. சில மாதங்களில், ஏப்ரல் 499இல், தெற்குப் படையெடுப்பின்போது நோயால் இறந்தார். தம் ஆணைப்படியே, லோயாங் அருகே மாங் மலைப் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பின் லோயாங் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் 1,367 பௌத்தக் கோயில்களும் கொண்ட மாநகராக வளர்ந்தது. ஆனால், ஒருங்கிணைப்பின் பலன் தலைநகரோடு நின்றுவிட்டது. வடக்கு எல்லைக் காவல் கோட்டைகளில் இருந்த வீரர்கள் முன்பு மதிப்போடு வாழ்ந்தவர்கள். இப்போது கவனிப்பாரற்றுப் போயினர். அவர்களின் உறவினர் லோயாங்கில் பட்டு அங்கியில் அமர்ந்து பதவி பெற்றனர். அவர்களுக்கோ பதவி உயர்வும் இல்லை, சரியான உணவும் இல்லை. 523-524ஆம் ஆண்டுகளில் 6 கோட்டைகளிலும் கலகம் வெடித்தது.

வந்துபோக அனுமதி பெற்ற வடக்குத் தலைவர்களில் அர்சூ சின்சிங் ஒருவர். அவருடைய மகன் அர்சூ ரோங், 528இல் படையுடன் வந்து, லோயாங் அருகே அரச குடும்பத்தாரும் அதிகாரிகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார். 534இல் வட வெய் அரசு இரண்டாக உடைந்தது. அவற்றில் மேற்கு அரசு, 554இல் பழைய சியான்பெய் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஹான் வீரர்களுக்கும் சியான்பெய் பெயர் சூட்டியது.

ஆனாலும் கலப்பு நிற்கவில்லை. அடுத்தடுத்து நின்று உழுததும், ஒரே படையில் போரிட்டதும், பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் தொடர்ந்தன. 581இல் சுய் அரச மரபை நிறுவிய யாங் ஜியனின் மனைவி டூகு குலத்துப் பெண். தாங் அரச மரபின் புகழ்பெற்ற பேரரசர் தைசோங்கின் பாட்டியும் அதே குலம். அவருடைய மனைவி சாங்சுன் குடும்பம், துவோபா வழி வந்தது. தாங் காலத்துக் கவிஞர் யுவான் சென், சியாவ்வென் சூட்டிய யுவான் பெயரைத் தாங்கிய துவோபா வழித்தோன்றல். சீன மொழியில் எழுதியே அவர் புகழ்பெற்றார்.

சியான்பெய் மொழி அப்படித் தொடரவில்லை. லோயாங்கிற்கு வந்த புதிதில் சீன மொழி தெரியாத தம் மக்களுக்காக, பெற்றோரைப் பேணும் அறத்தைக் கூறும் சியாவ் ஜிங் என்னும் சீன நூலைச் சியான்பெய் மொழியில் பெயர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தவரும் சியாவ்வென்தான். அரசவையில் அந்த மொழியைத் தடுத்தவரும் அவரே. சில தலைமுறைகளில் அதைப் பேச ஆளில்லாமல் போயிற்று. அந்த மொழிபெயர்ப்பின் ஒரு படிகூட இன்று இல்லை. சீன நூல்களில் சீன எழுத்தில் எழுதி வைக்கப்பட்ட சில பெயர்களும் சொற்களும் மட்டுமே, ஒரு காலத்தில் வட சீனாவை ஆண்டவர்களின் தாய்மொழியில் எஞ்சியிருக்கின்றன.